இடாப்பில் வெட்டப்பட்ட என் பெயர்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவள் பெரிய பிள்ளையானதும் நின்றுவிட்டாள். மிச்சம் நான்.

ஒருநாள் பெற்றார் கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. வாப்பா கோமாரிக் கடற்கரையில் வாடி என்னும் ஓலைக்குடில் அடித்துத் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பருவம் முடியாமல் வரமாட்டார். ஆண்கள் கூடும் இடத்துக்கு உம்மா போவதில்லை. எங்கள் ஊரில் கலியாணப் பேச்சோ காணிப் பிணக்கோ, எதற்கும் உம்மாவின் காக்கா, அதாவது என் பெரிய மாமாதான் முன்னுக்கு நிற்பார். அந்த வழக்கத்தில் உம்மா அவரையே அனுப்பினார். அதைப்போல் ஒரு பிழை வேறில்லை.

நானும் கூடப் போனேன். தலைமைச் சிஸ்டர் என் புள்ளிகளை வாசித்தார். கணக்கில் நான்தான் முதலாவது. மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"படிச்ச மட்டும் போதும் சிஸ்டர். புள்ள பெரிசாகிட்டா. பேர வெட்டிருங்க."

"வீட்டில எல்லாருக்கும் சம்மதமா?"

"ஓம். நான் சொன்னாச் சரி."

பெற்றார் விருப்பத்துக்கு மாறாக நடப்பதில்லையாம், மடத்து ஒழுங்காம்! சிஸ்டர் மாணவர் பெயர்கள் எழுதிய இடாப்பைத் திறந்து என் பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒரு சொல் கேட்டார்களா? திரும்பும் வழியில் மாமா சாவகாசமாக நின்று நெத்தலி விலை பேசினார். அந்த நெத்தலியை அள்ளி அவர் முகத்தில் எறியவேண்டும் போலிருந்தது.

விஷயம் கேட்ட உம்மா எழும்பி நின்றுவிட்டார்.

"ஆரக் கேட்டுச் சொன்ன நீங்க? என்ன கதைக்காங்க எண்டு கேட்டுட்டு வரத்தானே அனுப்பின நான்?"

"ஊர் என்ன கதைக்கும் எண்டு தெரியாதா புள்ள உனக்கு?"

"ஊரா காக்கா இவளப் பெத்த?"

உம்மா மாமாவை எதிர்த்துக் கதைத்து நான் கண்டது அன்றுதான்.

மறுநாள் காலை திரை கட்டிய மாட்டு வண்டியில் உம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். இறங்கவில்லை. வண்டி விறாந்தையோடு ஒட்டி நின்றது. சிஸ்டர் வெளியே வந்தார்.

"சிஸ்டர், இவட உம்மா நான். நான் வெட்டச் சொல்லல்ல. திரும்ப எழுதுங்க."

"நேற்று வந்தவர் வீட்டுப் பொறுப்பாளி என்றுதானே…"

"அவர் என்ட காக்கா. பெத்தவ நான் இஞ்ச வண்டிக்குள்ள இரிக்கன்."

சிஸ்டரின் முகம் சிவந்தது. இடாப்பைக் கொண்டுவந்து என் பெயரைப் புதிதாக எழுதினார். தமிழ் எழுதத் தெரியாத உம்மா, திரைக்கு வெளியே கையை நீட்டி, குர்ஆன் ஓதப் போன காலத்தில் பழகிய அரபு எழுத்தில் பக்கத்திலேயே கையொப்பம் வைத்தார்.

நான் படித்தேன், ஆசிரியையுமானேன். மாமா மவுத்தாகி எவ்வளவோ காலம். என் கோபம் மட்டும் போகவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பெரியவர்கள் தங்களுக்குள் முடிவெடுப்பதைக் கண்டால், "இவளைக் கேட்டீர்களா?" என்று இன்றும் குறுக்கே விழுகிறேன்; ஏனென்றால் அன்று எனக்காக அவ்வளவு சண்டை பிடித்த உம்மாகூட, படிக்க விருப்பமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.