எதிர்வீட்டு ஆந்தூரியம்

பள்ளியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். ஆனால் என் வீட்டுக்குள் வைத்த செடி எதுவும் மூன்று மாதம் தாண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர் கரியாலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஹாலில், வெயில் நேராகப் படாமல் ஜன்னலுக்கு ஓரடி தள்ளி, ஓர் ஆந்தூரியம் இருந்தது. ஒரே நேரத்தில் ஏழு சிவப்புப் பூக்கள். தெருவில் யார் வீட்டு மணி பிளான்ட் பழுத்தாலும் அவரிடம்தான் போவார்கள். என் மனைவியும் போனாள்.

"நீங்க புஸ்தகத்தப் பாத்து சொல்றதுக்குள்ள செடி செத்துடுது" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரும் அவர் மனைவியும் மூன்று வாரம் மகன் வீட்டுக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நாலு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும் சார். ஜாஸ்தி ஊத்திடாதீங்க."

எனக்கே பாடம்! தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். வேருக்குக் காற்று வேண்டும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவன், தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். அவர்கள் திரும்பி வந்தபோது தண்டெல்லாம் கறுத்துச் சாய்ந்திருந்தது.

அவர்கள் வீட்டில் பெருக்கித் துடைக்கும் பெண் கருணாபுரத்துக்காரி. அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் அந்தச் செடியைப் பார்த்து, "இன்னாக்கா, எப்பப் பாத்தாலும் பூத்துக்கினே கீது!" என்றாளாம்.

"அவ கண்ணுதான் சார்" என்றார் கண்டக்டரின் மனைவி.

"இருக்கலாம்" என்றேன் நான்.

மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். பேச்சு பரவி, அவள் வேலை செய்த இன்னும் இரண்டு வீடுகளிலும் வேண்டாம் என்றார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை இருக்கும் வீடு.

ஒரு வாரம் கழித்து அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"சார், நீங்க படிச்சவங்க. கண்ணு பட்டு செடி சாவுமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

கண்டக்டரிடம் போய், நான்தான் தண்ணீர் ஊற்றிச் சாகடித்தேன் என்றேன்.

"தெரியும் சார். மண்ண மோந்து பாத்தப்பவே தெரியும். வாத்தியாருக்கே தெரியலன்னு தெருவுல சிரிப்பாங்களேன்னு வுட்டுட்டேன்."

என் மானத்துக்காக அவரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெரியாம ஊத்தலைங்க. தெரிஞ்சேதான் ஊத்தினேன். வயித்தெரிச்சல்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, "இந்தாடி, இங்க வா. சார் சொல்றத நீயும் கேளு" என்றார். இரண்டாவது முறை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் நானே போனேன். மூன்று வீட்டிலும் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கடைசி வீட்டில் நான் பேசி முடிக்கும் முன்பே, அந்தத் தாய் தொட்டிலில் கிடந்த குழந்தையைச் சட்டென்று வாரி எடுத்து, என் கண்ணில் படாதபடி முந்தானையால் மூடி, உள்ளே போய்விட்டாள்.