அம்மாவைக் கேட்டு அழுதது: பூஜ்யம்

மஹ்விஷ் புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தது 2023 மே மாதம். தி. நகரில் லேஸ், பட்டன் கடை வைத்திருக்கும் அவள் தந்தை ஹபீபுர் ரஹ்மான், பாங்க் பரீட்சைப் பயிற்சியில் அவளுக்கு இடம் பிடித்திருந்தார். மகளோ ஜூலை 3, திங்கட்கிழமை, அசோக் நகரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். அவளுக்குக் குழந்தைகளைப் பிடிக்கும். வேறு காரணம் இல்லை.

"மூக்கு தொடைக்க எம்.எஸ்ஸி. எதுக்கும்மா?" என்றார் தந்தை. "மூணு மாசம் பாப்பேன். பர்மனென்ட் பண்ணலேன்னா நேரா கோச்சிங்."

காப்பகத்தில் பதினேழு குழந்தைகள். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில் குறிப்பு போகும்: நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். பதினேழு பேருக்கும் ஒரே குறிப்பு. சாப்பாடு வருவதற்கு முன்பே, காலை பதினொன்றுக்கே தயாராகிவிடும்.

மஹ்விஷுக்கு அது பொறுக்கவில்லை. ஜூலை 10 அன்று அவள் அனுப்பிய குறிப்புகளில் ஒன்று: "மகிழன், 2 வயது 3 மாதம். தயிர்சாதம் ஏழு ஸ்பூன். அதில் மூன்று தரையில். தூக்கம் 12.40 முதல் 12.51 வரை. அழுகை: பொம்மைக்காக 2, அம்மாவைக் கேட்டு 0."

ஆறு மணிக்குள் ஒன்பது அம்மாக்கள் போன் செய்தார்கள். தரையில் போன சாதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "நாள் பூரா ஒரு தடவைகூடவா என்னைத் தேடல?" என்று மகிழனின் அம்மா அழுதே விட்டாள்.

காப்பகத்தின் உரிமையாளர் விசாலாக்ஷி, மயிலாப்பூர்க்காரர், மஹ்விஷைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒண்ணுன்னு போடு."

"நடக்காததை எப்படி மேடம் போடறது?"

"ஒண்ணு போறும். ரெண்டுன்னு போட்டியோ, வேலையை விட்டுட்டு ஆத்துலயே இருந்துடுவா. நமக்குக் கொழந்தை போயிடும். உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு இதை வெச்சுத்தான் பாப்பேன்."

வேலையும் வேண்டும், பொய்யும் எழுதக்கூடாது. மறுநாள் ஒன்றரை மணிக்கு மஹ்விஷ் மகிழன் அருகில் உட்கார்ந்து, "அம்மா எங்கே?" என்று கேட்டாள். அவன் வாசலைப் பார்த்தான். மூன்றாம் முறை கேட்டபோது உதடு பிதுங்கியது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, அழுகை அடங்கும்வரை அவனைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு அடுத்த குழந்தை. நான்கு மணிக்குப் பதினேழு குறிப்புகள் போயின. ஒன்றிலும் பொய் இல்லை.

"இன்னாம்மா நீ? சும்மா ஆடிக்கினு இருந்த புள்ளைங்கள அய வுட்டுக்கினு கீறியே!" என்றாள் ஆயா ரத்னா. "பட்ச்ச பொண்ணு செய்ற வேலையா இது?"

"பொய் எழுத முடியாதுக்கா."

"எய்தினா இன்னா, கை வெந்துடுமா?"

அம்மாக்களுக்குத் திருப்தி. குழந்தைகளுக்குத்தான் பழகிவிட்டது. செப்டம்பரில், காலையில் மஹ்விஷ் உள்ளே நுழைந்தாலே நாலைந்து பேர் அம்மாவைக் கேட்டு அழத் தொடங்கினார்கள்.

செப்டம்பர் 30 அன்று விசாலாக்ஷி நிரந்தர நியமனக் கடிதத்தைக் கொடுத்தார். பதவி: பெற்றோர் தொடர்பு அலுவலர். மாடியில் தனி அறை, கணினி.

"உன் குறிப்பு இல்லாம எந்த அம்மாவும் இருக்க மாட்டேங்கறா. உன்னைப் பாத்துட்டா எந்தக் கொழந்தையும் இருக்க மாட்டேங்கறது. கீழே வராதே."

அறையைப் பார்க்க வந்த ஹபீபுர் ரஹ்மான் நாற்காலியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆபீஸ்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

பகல் வேளைகளில் மஹ்விஷ் மாடிப்படியின் பாதிவரை இறங்கி வருவாள். கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை தெரியாதபடி உட்கார்ந்து, கீழே குழந்தைகள் விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.