இன்ஸாஃப் பிளக் மாற்றிய வெள்ளிக்கிழமை

இன்ஸாஃபுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. எகிப்தின் டான்டா நகரத்துச் சந்து ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். அரசுச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். நைல் கால்வாயை ஒட்டிய பதினொரு கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவள் வேலை. பின்சீட்டில் ஐஸ் பெட்டியோடு அவளுடைய பழைய பச்சைக் கார் தூரத்தில் தெரிந்தாலே போதும், பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

முப்பத்தெட்டாவது வயதில்தான் கார் ஓட்டக் கற்றாள். அவள் புகுந்த வீட்டு ஆண்கள் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கணவர் அப்துல் கஃப்பார் மட்டும் அவளோடு காரில் ஏறிக்கொண்டார். நீதிமன்றக் குமாஸ்தாவான அவருக்கு ஸ்டீயரிங்கைத் தொடவே பயம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். ஆறு வருடங்களுக்கு முன் அவர் இறந்ததும், அவருடைய தம்பி ஃபிக்ரி வாரம் தவறாமல் வந்து ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தான். "தனியா இருக்கற பொம்பளைக்கு எதுக்கு அண்ணி கார்? எம் பையனுக்குக் கல்யாணம் ஆகப்போகுது, அவனாவது ஓட்டட்டும்."

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் கார் நடுங்கத் தொடங்கியது. நின்றால் இருமியது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் உஸ்தா ஷாபானிடம் விட்டாள். இரண்டு நாள் கழித்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்பார்க் பிளக் நாலையும் புதுசா மாத்திட்டேன் ஹாஜ்ஜா. அப்பவும் சரியாகல. எஞ்சினைத்தான் இறக்கணும். வீட்டு ஆம்பளை யாரையாவது அனுப்புங்க, விளக்கமா சொல்றேன்."

"என்கிட்டயே சொல்லுங்க."

"உங்களுக்குப் புரியாதும்மா."

அன்று மாலையே ஃபிக்ரி வந்து நின்றான். "கார் போயிடுச்சாமே அண்ணி? எங்கிட்ட கொடுத்துடுங்க, நான் பார்த்துக்கறேன்." விஷயம் ஷாபானிடமிருந்து தன் முதுகுக்குப் பின்னால் போன் வழியாகப் போயிருக்கிறது என்று இன்ஸாஃபுக்குப் புரிந்தது. அவனுக்குக் காபி கூடப் போடவில்லை.

அவன் போனதும் காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தாள். பிளக் பற்றிய பக்கத்தை மூன்று முறை படித்தாள். நடுக்கம், இருமல், ஏற்றத்தில் திணறல் என்று தன் காரின் வியாதி முழுவதும் அதில் எழுதியிருந்தது. மறுநாள் பட்டறையிலிருந்து காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ரயில் நிலையத்தருகே இருந்த உதிரிபாகக் கடையில் நாலு பிளக்கும் அதற்கான ஸ்பேனரும் வாங்கினாள்.

சுகாதார நிலையத்து முற்றத்தில் யார் கண்ணிலும் படாமல் இந்த வேலையை முடித்திருக்கலாம். அவள் வேண்டுமென்றே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். மதியத் தொழுகை முடிந்து தெருவே திரும்பி வரும் நேரத்தில், கட்டட வாசலில் பானட்டைத் திறந்து வைத்தாள்.

முந்தின நாளிலிருந்து ஓடாததால் எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கையுறையை மாட்டிக்கொண்டாள். கைக்குழந்தைகளின் மூக்கை உறிஞ்சும் ரப்பர் பந்தால் பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதித் தள்ளினாள். எதிர்க் காபிக் கடையில் நாற்காலிகள் அவள் பக்கம் திரும்பின.

"ஹகீமா, நர்ஸம்மா! காருக்குக் காய்ச்சலா? ஊசி போடப்போறீங்களா?"

"ஆமா. மருந்து மிச்சமிருந்தா உனக்கும் போடறேன், திரும்பி நில்லு!"

கடையே சிரித்தது. இன்ஸாஃப் சிரிக்கவில்லை. முதல் பிளக்கின் ஒயரை மட்டும் கழற்றினாள். ஒயர்கள் இடம் மாறிவிடக் கூடாது என்பதால் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பிளக் சுழன்று வெளியே வந்தது. முனை தேய்ந்து, கரி அப்பிப் போயிருந்தது. இதற்கு வயது ஒரு வாரமில்லை, பல வருடங்கள். அதைத் தனியே எடுத்து வைத்தாள். புதிய பிளக்கின் பின்பக்கத்தில் குளுக்கோஸ் டியூபின் துண்டைச் செருகி, அதைப் பிடித்து மெதுவாகத் திருகினாள். குழந்தைகளின் நரம்பைத் தேடிப் பழகிய விரல்களுக்கு, மரை சரியாகப் பிடிப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் ஸ்பேனரால் இறுக்கினாள். இரண்டாவது, மூன்றாவது பிளக்கும் அப்படியே முடிந்தன. நான்காவது அசையவில்லை.

வெள்ளை ஜிப்பாவும் அத்தர் வாசனையுமாக ஷாபான் வந்து சேர்ந்தார். "விட்டுடுங்க ஹாஜ்ஜா. அது உள்ளயே உடைஞ்சா எஞ்சினே போயிடும்."

இன்ஸாஃப் பழைய பிளக்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உஸ்தா, இதானே நீங்க போன வாரம் மாத்தின புதுசு?"

காபிக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷாபான் தொண்டையைச் செருமினார். "வேலையாளுங்க மறந்திருப்பாங்க..."

"மூணையுமா மறந்தாங்க?"

அதற்குள் ஃபிக்ரி எங்கிருந்தோ ஒரு நீள இரும்புக் குழாயோடு வந்தான், ஸ்பேனரின் கைப்பிடியில் மாட்டி நெம்புவதற்கு. "தள்ளுங்க அண்ணி. இது ஆம்பளை பலத்துக்குத்தான் வரும்."

"தொடாதே."

"என் அண்ணன் கார் இது!"

இன்ஸாஃப் அவனுக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றாள். "உங்க அண்ணனுக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியாது. என் சம்பளத்துல வாங்கினது, என் பேர்ல இருக்கு. மத்தவங்க சிரிச்சப்போ அந்த மனுஷன் என் பக்கத்துல உக்காந்து வந்தார். நீ அவர் பேரைச் சொல்லிக்கிட்டு இதுல கை வைக்காதே. குழாயைக் கொண்டுபோய் உன் வீட்டுல வை."

ஃபிக்ரி சுற்றிலும் பார்த்தான். யாரும் அவன் பக்கம் பேசவில்லை. குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டே போனான்.

பிளக்கின் அடியில் எண்ணெய் விட்டு, வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெய் இறங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேல்மாடி வீட்டு அவாதிஃப் கயிறு கட்டிய கூடையில் டீ இறக்கினாள். "அந்தப் பிளக்கை எடுக்காம மேல வந்தே, என் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன்!"

"கத்தாதடி, டீ கொட்டுது!"

இன்ஸாஃப் அந்த நான்காவது பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்துவிட்டால் ஷாபான் சொன்னது பலித்துவிடும், காரும் கையைவிட்டுப் போய்விடும். ஆனாலும் பிற்பகல் அஸர் தொழுகை அழைப்பு வரும்வரை கால்மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஒரு மயிரிழை இறுக்கினாள், ஒரு மயிரிழை தளர்த்தினாள். மறுபடி இறுக்கினாள், தளர்த்தினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். பிளக் முழுசாக வெளியே வந்தது.

புதியதைப் பொருத்திச் சாவியைத் திருப்பினாள். கார் பழையபடி நடுங்கியது. கடையில் யாரோ சீட்டியடித்தார்கள். அவள் முகம் எரிந்தது. இறங்கி ஒவ்வொரு ஒயராக அழுத்திப் பார்த்தாள். கடைசி ஒயர் பாதிதான் நுழைந்திருந்தது. அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே சீராக உறுமியது. சீட்டியடித்தவன் தன் காபியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அவாதிஃப் மேலேயிருந்து குலவையிட்டாள்.

இன்ஸாஃப் பானட்டை மூடி, கையுறையைக் கழற்றி, காரைக் காபிக் கடைப் பக்கமாகவே ஓட்டினாள். பாதையில் நீண்டிருந்த நாற்காலிகளை ஆண்கள் எழுந்து அவசரமாக இழுத்துக்கொண்டார்கள். அவள் ஹாரன் அடிக்கவில்லை.

ஓய்வு பெறும்வரை அந்தக் காரில்தான் கிராமங்களுக்குப் போனாள். ஷாபான் பட்டறையில் அதை மறுபடி விடவேயில்லை. அடுத்து வந்த பெருநாளுக்கு ஃபிக்ரி வரவில்லை. அவன் மனைவி நாதிரா மட்டும் தட்டு நிறையக் கஹ்க் பலகாரத்தோடு வந்து, யாரும் பார்த்துவிடாதபடி தனக்குப் பின்னால் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள்.

"அவருக்குத் தெரியாம வந்தேன் அக்கா."

"தெரிஞ்சா தெரியட்டும்" என்ற இன்ஸாஃப், இரண்டு நாற்காலிகளைப் பால்கனியில் இழுத்துப் போட்டாள். "இங்க வா. தெருவே பார்க்கற மாதிரி உக்காந்து சாப்பிடுவோம்."