அலுமாரியில் குடியேறிய தேனீக்கள்

என் கணவருக்கு என்னைப் பகிடி பண்ண ஒரு விடயம் அகப்பட்டால் போதும், ஒரு மாதத்துக்கு விடமாட்டார். என் பூசணிக்கொடி அவருக்கு நான்கு மாதம் கைகொடுத்தது.

கிளிநொச்சியில் வாய்க்கால் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றில் எங்கள் வீடு. அவர் நெல் விதைப்பவர். வயலுக்குப் பக்கத்து மேட்டுக் காணியில் மிளகாயும் பயிற்றையும் வைப்பார். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற துண்டு மட்டும் என்னுடைய ஆட்சி. அங்கே நான் போட்ட பூசணி வேலியைத் தாண்டி ஓடியது. காலையில் பார்த்தால் வளவு முழுக்க மஞ்சள் பூ. ஆனால் காய் இல்லை. கோலிக்குண்டு அளவில் பிஞ்சு பிடிக்கும், மூன்றாம் நாள் பழுத்து விழுந்துவிடும். உரம் போட்டேன். தண்ணீரைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன். ஒன்றுக்கும் அது அசையவில்லை.

கடைசியில் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஓர் இளம் பெண். வவுனியாவுக்குப் பக்கத்து நெளுக்குளம் சொந்த இடம். வேலைக்காகக் கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், அந்தப் பேச்சு இன்னும் வாயில் இருந்தது.

"பூவெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா நான் வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு தேனீயைக்கூடக் காணோமே" என்றார். பிறகு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிக் காட்டினார். "விடியக்காலையிலேயே செஞ்சிடணும். வெயில் ஏறினா பூ வாடிப்போயிடும்."

அன்றிலிருந்து விடிய எழும்பித் தேநீர் குடிக்குமுன் நான் பூசணிக்குள் நின்றேன். என் கணவர் குசினி வாசலில் கோப்பையோடு வந்து நிற்பார்.

"இஞ்சேரும், இண்டைக்கு எத்தினை கலியாணம்?"

"ஆறு."

"சாதகம் பார்த்தனீரோ?"

அவருக்குப் பதில் சொல்லி மாளாது. பிஞ்சுகள் பிடிக்கத் தொடங்கியபோதும் அவர் நிறுத்தவில்லை. வீதியால் போகிறவர்களைக் கூப்பிட்டு, "பிள்ளையளுக்கு வரன் பார்க்கிறதெண்டால் எங்கட மனிசியிட்டச் சொல்லுங்கோ, நல்ல கைராசி" என்பார்.

போதனாசிரியர் நடத்திய தேனீ வளர்ப்பு வகுப்புக்கு நான் போனது பாதி ஆசையால், பாதி இந்தக் கலியாணப் பேச்சிலிருந்து தப்ப. வகுப்பு முடிவில் ஒரு மரப்பெட்டி தந்தார்கள். பெட்டி வெறும் பெட்டி. உள்ளே தேன்மெழுகு பூசி நிழலில் வைத்தால் இடம் தேடி அலையும் தேனீக் கூட்டம் தானாக வந்து குடியேறும் என்றார்கள். மாமரத்துக்குக் கீழே நான்கு கால் நாட்டி, எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் சிரட்டையில் தண்ணீர் வைத்து, பெட்டியை ஏற்றினேன்.

ஒரு மாதம் போனது. முதலில் ஒரு பல்லி வந்தது. பிறகு அதன் குடும்பம் வந்தது. இவர் போகும்போதும் வரும்போதும் பெட்டி மூடியைத் தட்டி, "வீட்டில ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் பல்லிகளைத் துரத்தி, திரும்ப மெழுகு பூசினேன். இரவில் கனவில்கூடத் தேனீ வரவில்லை.

அந்த நாட்களில்தான் பின்னறையில் ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. மெல்லிய இரைச்சல், ஆனால் விடாமல் கேட்டது. இவர் அதைப் பிரிஜ் என்று முடிவு கட்டினார். "அது சாகப்போகுது, திருத்துறவனுக்குச் சொல்ல வேணும்" என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிஜ் இருப்பது குசினியில் என்று நான் நினைவூட்டினேன். சத்தம் சுவருக்குள்ளால் வரும் என்று விளக்கம் சொன்னார்.

பின்னறையில் அவருடைய பழைய மர அலுமாரி ஒன்று யன்னலோடு ஒட்டி நிற்கிறது. யன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. அலுமாரியின் முதுகுப் பலகையில் எலி போட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதை அடைக்கச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கீழ்த்தட்டில் அவருடைய பட்டு வேட்டியும் சால்வையும் பழைய பேப்பரில் சுற்றியபடி கிடக்கும். நல்லது கெட்டதுக்குத்தான் வெளியே வரும்.

வவுனியாவில் அவருடைய தம்பியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பெரியப்பா வேட்டி சால்வையோடு முன்னுக்கு நிற்க வேண்டும். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, வேட்டியை வெளியே எடுத்து வெயில் காட்டுவம் என்று அலுமாரியைத் திறந்தார்.

நான் கிணற்றடியில் நின்றேன். அவர் என்னைக் கடந்து ஓடினார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அது இரண்டாவது தரம்.

போய் எட்டிப் பார்த்தேன். நடுத்தட்டின் அடியிலிருந்து ஐந்து தேன்வதைகள் வெள்ளையாகத் தொங்கின, தேனீக்கள் மூடியபடி. கடைசி வதை வேட்டிச் சுருளைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு சிரிப்பும் வந்தது, நெஞ்சு முட்டச் சந்தோசமும் வந்தது.

கட்டியிருந்த சாரம் முழங்காலுக்கு மேல் ஏறியபடியே அவர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு திரும்பியதும் முதல் கதை அதுதான்: "பார்த்தீரோ? உம்மட வாடகை வீடு பிடிக்கேல்லை. என்ர அலுமாரிதான் பிடிச்சிருக்கு."

இரண்டாவது கதை, "பந்தம் ஒண்டு கட்டிப் புகையைக் காட்டினால் ஓடியிடும்."

"நாலு மாதமா நான் விடிய எழும்பிப் பூவுக்குப் பூ அலையிறன். தானா வந்ததைத் துரத்தப் போறீங்களோ?"

"அப்ப என்ர வேட்டி?"

"வேட்டி எங்கயும் போகாது. காவல் பலமாக் கிடக்கு."

போதனாசிரியருக்கு அழைப்பு எடுத்தேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போக இருந்தவர், "நான் நின்னு செஞ்சு தந்துட்டுப் போறேன்கா" என்றார். ஞாயிறு காலை கலியாணத்துக்குப் போகிற எங்கள் வானிலேயே அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

சனி பின்னேரம், பொழுதுபட முன், வலைத்தொப்பியோடு வந்தார். எனக்கும் ஒன்று தந்தார். அலுமாரியைத் திறக்குமுன் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, உண்மையைச் சொல்றேன். பெட்டியில இருந்து பெட்டிக்கு மாத்தியிருக்கேன். அலுமாரியில இருந்து இதுதான் முதல் தடவை."

என் கணவர் குசினிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, யன்னலால் நடத்தினார். "மெல்ல! மெல்ல! இஞ்சால பக்கத்தால வாங்கோ பிள்ளை! இஞ்சேரும், கையை ஆட்டாதையும்!" அவர் நின்ற இடத்திலிருந்து அலுமாரி தெரியாது.

தேங்காய்த் தும்புப் புகையை இலேசாக ஊதி, தேனீக்களை இறகால் ஒதுக்கி, போதனாசிரியர் வதைகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தந்தார். குஞ்சு இருந்த வதைகளை நான், பின்னறைக்குத் தூக்கி வந்திருந்த பெட்டியின் சட்டங்களில் வைத்து வாழைநாரால் கட்டினேன். முதல் முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். மூன்றாவதில் பயம் மறந்துபோனது. கையில் தேனீக்கள் நடந்து திரிந்தன, சூடாக, பாரமில்லாமல். நாலாவது வதையில் ராணி நின்றது, மற்றவற்றைவிட நீளமாக, அவசரமில்லாமல் நடந்தபடி. அதைப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை வரிசை கட்டிப் பின்னால் போயின. எங்கள் இருவருக்கும் ஒரு குத்துக்கூட இல்லை.

குசினிக்குள்ளிருந்துதான் அலறல் கேட்டது. யன்னலால் வழி தவறிப் போன ஒரேயொரு தேனீ, பூட்டிய கதவுக்குள் இருந்த ஒரேயொரு மனிதரின் காதைத் தேடிப் பிடித்துக் குத்தியிருந்தது.

பட்டு வேட்டியில் தேன் சிந்திக் கறை பிடித்திருந்தது. இளஞ்சூட்டு நீரில் அலசி, மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டேன். கறை பெரும்பாலும் போய்விட்டது. வாசம் போகவில்லை. மறுநாள் காலை வான் முழுக்கத் தேன் வாசம். இவருடைய வலது காது மற்றக் காதைப்போல் இரண்டு மடங்கு.

போதனாசிரியரை இறக்கிவிடாமல் சாப்பிடக் கூட்டிப்போனோம். மண்டபத்தில் எல்லாரும் காதைப் பற்றித்தான் கேட்டார்கள். பந்தியில் இவரைச் சுற்றி ஒரு கூட்டம்.

"ஐஞ்சு வதை," என்று கையை விரித்துக் காட்டினார். "எல்லாரும் பந்தம் பிடிக்கச் சொல்லிச்சினம். நான்தான் மறிச்சனான். வாயில்லாப் பிராணியளெல்லே? ஆறுதலா நிண்டு, ஒவ்வொண்டா எடுத்துப் பெட்டிக்குள்ள விட்டது. கடைசியில ஒண்டுதான் ஏமாத்திப்போட்டுது."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் போதனாசிரியரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"ஆமாங்க" என்றார், பப்படத்தை உடைத்தபடி. "அண்ணன் உள்ளேயிருந்து சொல்லித் தந்தாரு. அந்தக் குரல் இல்லாட்டி அக்காவும் நானும் சீக்கிரமாவே முடிச்சிருப்போம்."

கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார், தான் வென்றதாகவே நினைத்து.

பெட்டி திரும்ப மாமரத்தடிக்குப் போனது. நான் விடிய எழும்பிப் போனால் எனக்கு முன்னமே பூவுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. முதல் தேன் ஒன்றரைப் போத்தல் வந்தது. "சீனிப்பாணி மாதிரிக் கிடக்கு" என்றார் இவர். அரைப் போத்தல் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை பெட்டி வாசலுக்குக் கீழே தேனீக்கள் கொத்தாகச் செத்துக் கிடந்தன. நான் குந்தியிருந்து பார்த்தேன். முதல்நாள் காலை இவர் மிளகாய்க்கு மருந்து அடித்திருந்தார். பக்கத்துக் காணிகளிலும் அடித்திருந்தார்கள். இவர் பின்னால் வந்து நின்றார், ஒன்றிரண்டைக் குனிந்து உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார், பகிடி ஒன்றும் விடாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் மருந்துத் தாங்கியைத் தோளில் போடுவது பொழுதுபடுகிற நேரத்தில்தான். ஏன் என்று கேட்டேன். "காலமை வெயில் கூட" என்றார்.

கொஞ்ச நாளில், வயல்காரரெல்லாம் கூடும் கமக்காரர் கூட்டத்துக்குப் போய் வந்த பக்கத்துக் காணிக்காரர் வேலியடியில் என்னைக் கண்டு மறித்தார். "அக்கா, அண்ணை இண்டைக்குக் கூட்டத்தில எழும்பி அரை மணித்தியாலம் கதைச்சவர். பூக்கிற நேரம் காலமையில மருந்து அடிக்கக் கூடாதாம். தேனீ செத்தால் ஒருத்தற்ற பயிரும் காய்க்காதாம். உங்கட வளவுக்கு வந்து பெட்டியைப் பார்க்கட்டாம்."

அன்று சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டேன், "கூட்டத்தில என்ன கதை?"

"தண்ணி விடுற திகதி" என்றார். சோற்றில் குழம்பை விட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "வேற ஏதாவது கதைக்க வேணும்தானே, இல்லாட்டி நித்திரை வந்திடும்" என்றார்.

எல்லாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் நேரத்தை மாற்றினார்கள், ஒருவர் எங்களைப்போல் வெறும் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதன் மூடியை என் கணவர் இடைக்கிடை போய்த் தட்டிப் பார்க்கிறார்.