கம்பளி போர்த்திய கணினி

பழுதுபார்க்கும் செலவு புதிய பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுதுபார்க்கக் கூடாது. மூவர் சபை பார்வையிட்டுக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த காலம் முழுக்க, தட்டச்சு இயந்திரம் முதல் தண்ணீர் பம்பு வரை இந்த விதிப்படிதான் வழியனுப்பினேன். வீட்டுக் கணினிக்கு மட்டும் ஏன் விலக்கு?

கணினி என் மனைவியுடையது. ஓய்வுபெற்ற டீச்சர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பிள்ளை பிறந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். ஜாதகம் கணித்துக் கொடுப்பாள். அந்த ஜாதக மென்பொருள் கணினியைவிடக் கிழடு. இத்தனை வருடம் கணித்ததெல்லாம் அதற்குள்தான். வேறெதிலும் திறக்காது.

மழை தொடங்கியதும் கணினி அடிக்கடி மூர்ச்சையானது. ஹட்டன் டவுனில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் போனில் சொன்னார்: "மெமரி கூட்டி, ஹார்ட் டிஸ்க்க மாத்திரலாங்க. புதுசுல பாதி வெல வரும்."

"பாதியா, பாதிக்கு மேலயா?"

"பிரிச்சுப் பாக்காம எப்புடிங்க சொல்றது?"

சபையைக் கூட்டினேன். நான், மனைவி, தேயிலை ஆலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் கணினியைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன டீச்சர், இதுக்குக் காய்ச்சலா? கம்பளியெல்லாம் போத்தி வச்சிருக்கீங்க."

"பனி உள்ள போயிருதுங்க."

"கழிச்சிரலாம், புதுசு வாங்குவோம்" என்றேன். டீ மேக்கரும் தலையாட்டினார்.

மனைவி ஒரு தாளை நீட்டினாள். கணினியை முதன்முதலில் இயக்கிய நேரத்தை வைத்து அதற்கே ஜாதகம் கணித்திருந்தாள். "ஆயுசு கெட்டிங்க. இப்ப ஏழரைச் சனி நடக்குது, அவ்வளவுதான்."

டீ மேக்கர் நிமிர்ந்தார். "எனக்கும் அதானே நடக்குது! கிளாக்கரையா, அப்ப என்னையும் கழிச்சிருவீங்களா?"

இரண்டுக்கு ஒன்று. தோற்றவனுக்கும் ஒரு வழி உண்டு: எழுத்துமூல விளக்கம் வரும்வரை தீர்மானத்தை நிறுத்திவைக்கலாம். புதிய கணினியில் அந்த மென்பொருள் ஓடுமா என்று கேட்டு, அதைச் செய்த கொழும்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

"அதுக்குள்ள புள்ளங்க பொறக்காம இருக்குமாக்கும்?" என்றாள்.

பிறந்தன. பதில்தான் வரவில்லை. நேரம் குறித்த சீட்டுகள் மேசை மீது சேர்ந்தன. பேர் வைக்க எழுத்துக் கேட்டு ஒரு தாய் இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் காலை மனைவி கணினியைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள். கடைக்காரர் பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதியதில் இறக்கிக் கொடுத்தார். பில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அவள் அதை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தையே பார்த்தாள். நான் விதியை ஞாபகப்படுத்தவில்லை.

அந்தத் தாய்க்கு எழுத்துக் கிடைத்தது. கம்பளி மறுபடியும் கணினி மேல் ஏறியது.

பிறகொரு காலையில் கூப்பிட்டாள். "என்னங்க, ஒங்க வெளக்கம் வந்திருக்கு." திரையை என் பக்கம் திருப்பினாள். புதிய கணினிகளில் தங்கள் மென்பொருள் இயங்காதாம். பழையது கைவசம் இருந்தால் தயவுசெய்து கழித்துவிட வேண்டாமாம். நான் கேட்டது ஆடி மழையில்; அன்று தைப்பூசம்.