கூப்பிட்டால் வர வேண்டும்

அவருக்கு ஹாரன் என்று பேர் வைத்தவர்கள் பணிமனைக்காரர்கள். இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். வண்டியின் ஹாரன் வேலை செய்யாவிட்டால் புகார் எழுத மாட்டார்; ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவார், முன்னால் போகிற லாரி ஒதுங்கிவிடும். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு வேண்டுமென்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பு எடுப்பார்கள் என்பது அவர் மனைவி சொல்லும் கேலி.

மனைவி தையல்காரி. மாடி வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். அந்த அறையில் வளர்ந்த நாய்தான் பொத்தான். வந்த முதல் நாளே கோட்டுப் பொத்தான் மூன்றை விழுங்கியதால் வந்த பேர்.

பொத்தானைப் பழக்குவதில் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. ஹாரன், சுருட்டிய செய்தித்தாள் கட்சி. அவள், நூல்கண்டு டப்பாவில் அவித்த முட்டையைத் துண்டு போட்டு வைத்திருக்கிற கட்சி.

"அடியாத மாடு படியாதுடி."

"இது நாய். மாடு வாங்கினா அப்ப சொல்லுங்க."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"உங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நிறைய வாங்கித்தானே வளர்ந்தாங்க? பார்த்தாலே தெரியுது."

முட்டைக் கட்சியும் முழுக்க ஜெயிக்கவில்லை. துணி தைக்க வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்துவிட்டு நிறுத்தினால் ஒரு துண்டு என்று அவள் வைத்திருந்தாள். நாய் கெட்டிக்காரன். ஆள் வந்தால் இரண்டு குரை, உடனே வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பார்க்கும். ஆள் வராவிட்டாலும் இரண்டு குரை.

"குரைக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே கம்பெனி உன்னோடதுதான்" என்பார் ஹாரன்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போய்க்கொண்டிருந்த விஷயம், வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு விழுந்த அன்று மாறிவிட்டது. மாடியை இவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழ் வீட்டில் இருப்பவர் அவர். பொத்தான் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, அவர் வண்டிக்குக் குறுக்கே போய்விட்டது; அப்படி ஓடியது அது இரண்டாவது முறை. முழங்கையில் மருந்து தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "இன்னொரு தடவை ஓடினா இந்த வீட்டுல நாய் இருக்கக் கூடாது."

அன்று மாலை செய்தித்தாளுக்கு வேலை அதிகம். ஓடியதை "இங்க வா!" என்று கூப்பிட்டு, பக்கத்தில் வந்ததும் இரண்டு போடுவது ஹாரனின் முறை.

மூன்றாவது தடவைக்குக் காரணம் ஹாரனே. காலை ஷிப்ட் முடிந்து, டிபன் பாக்ஸும் கையுமாக வந்தவர், கேட்டைக் காலால் தள்ளித் திறந்துவிட்டுச் சாத்த மறந்துவிட்டார். மாடிப்படியில் அவரை வரவேற்க ஓடிவந்த பொத்தான், வந்த வேகத்தில் அவரையும் தாண்டி, கேட்டையும் தாண்டி, தெருமுனைக்குப் போய்த்தான் நின்றது. அதற்குப் பின்னால் பெரிய சாலை. தண்ணி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பொத்தான்! இங்க வா!"

தெரு முழுக்கக் கேட்டது. நாய் காதை மடக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனது.

"வான்னா வரணும்! இங்க வாடா!"

இன்னும் இரண்டடி. பின்னங்கால்கள் தார்ச்சாலையில். ஒரு லாரி அடித்த காற்றில் அதன் வால் மயிர் பறந்தது.

மூன்றாவது முறை கத்த மூச்சை இழுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். அது அவர் குரலுக்குத்தான் பின்வாங்குகிறது. 'இங்க வா' என்றால் அடி வாங்க வா என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தானே? இன்னொரு முறை கூப்பிட்டால் லாரிக்கடியில் போய்விடும்.

தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேறு எதுவும் தோன்றாமல் டிபன் பாக்ஸின் கொக்கிகளை நிமிர்த்தினார். டக். டக்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் படியில் உட்கார்ந்து, மூடியை நாயிடம் நக்கக் கொடுப்பது அவர் வழக்கம். பழக்குவதற்காகச் செய்ததல்ல, கழுவ சுலபம் என்று செய்தது.

பொத்தானின் காது நிமிர்ந்தது. வளைந்து வளைந்து, பாதி வழியில் யோசித்து நின்று, கடைசியில் அவர் முழங்கால் அருகே வந்துவிட்டது. ஹாரனின் வலது கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அதைப் பார்த்ததும் அந்தக் கை மெதுவாக இறங்கி, அதன் கழுத்தில் வெகுநேரம் கிடந்தது.

வீட்டுக்காரர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். "இது மூணாவது தடவை."

"கேட்டைச் சாத்தாதது நான், சார். தப்பு என்மேல."

"அப்ப உங்களைத்தான் எங்கயாவது கொண்டுபோய் விடணும்." கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார். "பத்து நாள் தர்றேன். கூப்பிட்டா வருதான்னு நானே பார்ப்பேன். வரலைன்னா நாய் போகணும்."

மனைவி நடந்ததைக் கேட்டாள். 'நான்தான் சொன்னேனே' என்று அவள் சொல்லாததே அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"அந்த வார்த்தை கெட்டுப்போச்சுங்க. புதுசா ஒண்ணு வைக்கலாம். நீங்க இதுவரைக்கும் கத்தாத வார்த்தையா இருக்கணும்."

ஹாரன் யோசித்தார். வா, போ, நில்லு, ஏய், கதவைச் சாத்து... எல்லாமே கத்தியவை. வெகுநேரம் கழித்து, யாருக்கும் கேட்காத குரலில், "தங்கம்" என்றார்.

மிஷின் நின்றது. "அப்படி ஒரு வார்த்தை உங்ககிட்ட இருக்கா? கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, எனக்குத் தெரியாதே!"

"முட்டையைக் குடு" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நீயும் ஆள் வந்ததும், குரைக்கிறதுக்கு முன்னாடியே குடுத்துப் பாரு. குரைச்சப்புறம் வேண்டாம்."

அவள் நூல்கண்டு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். பேசாமல் ஒப்புக்கொள்வது அவளுக்கும் தெரியும்.

பத்தாம் நாள், ஹாரன் ஒரு கையில் பொத்தானின் கழுத்தில் கட்டிய நீளக் கயிற்றையும் இன்னொரு கையில் முட்டைத் துண்டையும் பிடித்திருந்தார். வீட்டுக்காரர் கேட்டைத் தானே அகலத் திறந்துவைத்தார். பொத்தான் பாய்ந்து வெளியே போய், தெருவின் நடுவில் நின்று மூக்கைத் தூக்கியது. ஹாரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கயிற்றை இழுக்கவில்லை.

"தங்கம்" என்றார், மெதுவாக.

நாய் திரும்பியது. கயிறு மண்ணில் தளர்ந்து புரள ஓடிவந்து, அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு, காலடியில் உட்கார்ந்தது.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங் போட்டுடறேன். நாய் வந்துடும், உங்களை நம்ப முடியாது."

மாடி ஜன்னலிலிருந்து தையல்காரியின் குரல் தெருவுக்கே கேட்டது: "என்னங்க... என்னையா கூப்பிட்டீங்க?"