பழைய புடவை

வீட்டு வேலை செய்யும் பெண்களின் மரியாதைக்காகப் போராடும் ஓர் அமைப்பில், புதுச்சேரியில் எனக்கு வேலை. பிரச்சாரப் போஸ்டருக்குப் படம் எடுக்க முத்தியால்பேட்டை செல்வி அக்காவை அலுவலகத்துக்கு அழைத்திருந்தேன்.

தலை நிறையப் பூவும் மாம்பழ நிறப் பட்டுப் புடவையுமாக வந்து நின்றார். எனக்கோ எரிச்சல். இந்தக் கோலத்தைப் பார்த்து யார் இரங்குவார்கள்?

"அக்கா, வேலைக்குப் போறப்ப கட்டுற பழசைக் கட்டிக்கிட்டு வாங்களேன். பூ வேணாம்."

அக்கா வீட்டுக்குப் போய், சாயம் போன புடவையில் திரும்பி வந்தார். சிரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மேலே 'எங்களையும் மதியுங்கள்' என்று அச்சிட்டோம். அலுவலகத்தில் எனக்கு ஒரே பாராட்டு.

போஸ்டரை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வெகுநேரம் அதையே பார்த்தார்.

"வேலை செய்ற வீட்லகூட விசேஷம்னா, 'நல்லதா கட்டிக்கிட்டு வா செல்வி'ன்னுதான் சொல்வாங்க. பழசைக் கட்டிக்கிட்டு வரச் சொன்னது நீங்க ஒருத்தர்தாம்மா."

இன்றும் அதே அமைப்பில்தான் இருக்கிறேன். அந்தப் போஸ்டர் என் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மரியாதையைப் பற்றித் தினமும் எழுதுகிறேன்.